வெப்பமும் மழையும்: காலநிலை மாற்றம் பற்றிய அறிவின் வளர்ச்சி – ஒரு நோக்கு

ஐப்பசி மாதத்துப் பிற்பகல்களில் மருதானைச் சந்தியில் நின்று வானத்தை நோக்குவோர் ஒரு காட்சியைப் பல தடவை கண்டிருப்பர். நண்பகல்வரை வெயில் எரிக்கும். மூன்று மணியளவிற் கருமுகில் திரளும். இடியோடு பெய்யும் பெருமழையால் வீதியில் நீர் நிறையும். கடைத் திண்ணைகளில் ஒதுங்கி நிற்போர் முன்னாளில் "காலம் கெட்டுப் போயிற்று" என்பர். இன்று அவர்களே "காலநிலை மாறிவிட்டது" என்கின்றனர்.

முன்னைய கூற்று ஒரு பெருமூச்சு. பின்னையதோ ஒரு விஞ்ஞானக் கூற்றாகும். எனவே அதனை மெய்ப்பிக்கும் சான்று யாதென வினாவும் உரிமை எமக்குண்டு. ஒரு நாளின் மழையும் வெயிலும் வானிலை எனப்படும். முப்பது ஆண்டு போன்ற நீண்ட காலத்து வானிலைகளின் சராசரியும் அவற்றின் ஏற்ற இறக்கமுமே காலநிலையாகும். ஆகவே ஒரு பிற்பகலின் பெருமழையைக் கொண்டு காலநிலை மாறியதென நிறுவுதல் இயலாது. ஒரு மார்கழியின் குளிரைக் கொண்டு அது மாறவில்லையென நிறுவுதலும் இயலாது. அவ்வாறாயின் விஞ்ஞானிகள் தம் முடிவுக்கு எவ்வாறு வந்தனர்?

இவ்வறிவின் வரலாற்றை நோக்குமிடத்து, இரு வேறு வினாக்கள் நெடுங்காலம் தனித்தனியே ஆராயப்பட்டு வந்தமை புலனாகும். புவியின் வெப்பநிலையை நிர்ணயிப்பது யாது என்பது ஒன்று. ஐரோப்பிய ஆய்வுகூடங்களிற் பிறந்த வினா அது. மாரி ஏன் சில ஆண்டுகளிற் பொய்க்கின்றது என்பது மற்றையது. அது எமது பிராந்தியத்துப் பஞ்சங்களிலே பிறந்தது. முதலாவது வினாவுக்குத் திடமான விடை கிடைத்துள்ளது. இரண்டாவதற்குக் கிடைத்திருப்பது பகுதி விடையே. இவ்வேறுபாட்டையும் அதன் காரணத்தையும் விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. வெப்பம் பற்றிய வினா

சூரிய ஒளி வளிமண்டலத்தை எளிதில் ஊடுருவி உட்புகுகின்றது. ஆயின் புவி வெளிவிடும் வெப்பம் அவ்வளவு எளிதில் வெளியேறுவதில்லை. இக்கருத்தைப் பிரெஞ்சுக் கணித அறிஞர் யோசேப் பூரியர் 1824இல் முன்வைத்தார். 1856இல் அமெரிக்கப் பெண்மணி யூனிஸ் பூட் கண்ணாடி உருளைகளில் வெவ்வேறு வாயுக்களை நிரப்பி வெயிலில் வைத்து, காபனீரொட்சைட்டு அடங்கிய உருளையே மிகுதியாக வெப்பமடைந்தமையைக் கண்டார். 1859இல் யோன் தின்டால் இலண்டனில் நடத்திய பரிசோதனைகள் இதன் காரணத்தை வெளிப்படுத்தின. வளியின் பெரும்பகுதியாகிய நைதரசனும் ஒட்சிசனும் வெப்பக் கதிர்களைத் தடுப்பதில்லை; மிகச் சிறு அளவிலுள்ள நீராவியும் காபனீரொட்சைட்டுமே அவற்றை உறிஞ்சுகின்றன என்பது அவர்தம் முடிபாகும்.

இவ்வுண்மையை விளங்கிக்கொள்ள எமது நாட்டிலேயே எடுத்துக்காட்டு உண்டு. நுவரெலியாவில் தை, மாசி மாதங்களில் வானம் தெளிந்து வளி வறண்டிருக்கும் இரவுகளிலேயே தேயிலைக் கொழுந்து உறைபனியாற் கருகுகின்றது. முகில் மூடிய இரவில் அவ்வாறு நிகழ்வதில்லை. நிலம் வெளிவிடும் வெப்பத்தை நீராவியும் முகிலும் தடுத்து நிலத்துக்கே ஒரு பங்கைத் திருப்பி அனுப்புவதே இதற்குக் காரணம். முழுப் புவிக்கும் இத்தகைய போர்வையொன்று உண்டு. அதனையே பச்சைவீட்டு விளைவு என்கின்றோம்.

அப்போர்வை தடித்தால் நிகழ்வது யாது? சுவீடன் நாட்டு இரசாயன அறிஞர் சுவாந்தே அரேனியசு இதனைக் கணித்தவராவார். காபனீரொட்சைட்டு இருமடங்கானால் புவியின் வெப்பநிலை 5 முதல் 6 பாகை செல்சியசுவரை உயரும் என 1896இல் அவர் எழுதினார். இன்றைய மதிப்பீட்டிலும் இது மிகையெனினும், கணினியின்றிக் கையாற் கணித்த ஒருவர் இவ்வளவு அண்மித்து வந்தமை வியத்தற்குரியதே.

எனினும் அவர் கருத்து அன்று ஏற்கப்படவில்லை. நீராவி ஏற்கனவே அவ்வெப்பத்தை உறிஞ்சிவிடுகின்றது. ஆகவே காபனீரொட்சைட்டு கூடினும் மேலும் உறிஞ்ச எதுவும் எஞ்சாது என்பது எதிர்த்தோரின் வாதம். இவ்வாதம் அரை நூற்றாண்டு நிலைத்தது. நீராவி குன்றிய, ஐதான மேல்வளியில் அவ்வாதம் பொருந்தாது என்பதும், வெப்பம் ஈற்றில் விண்வெளிக்கு வெளியேறுவது அம்மேல்வளியிலிருந்தே என்பதும் 1950களிலேயே தெளிவாயின. இதற்கிடையில் 1938இல் கை கலண்டர் என்னும் ஆங்கிலேய நீராவிப் பொறியியலாளர், நூற்றுக்கு மேற்பட்ட நிலையங்களின் பதிவுகளைத் திரட்டிப் புவி உண்மையாகவே வெப்பமடைந்து வருகின்றது என எடுத்துக்காட்டினார். வானிலை அறிஞர் பலர் அதனையும் ஐயத்தோடே நோக்கினர்.

ஐயம் நீங்குவதற்கு வேண்டப்பட்டது புதிய கொள்கையன்று, தொடர்ச்சியான அளவீடேயாகும். சார்ள்ஸ் கீலிங் 1958இல் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் காபனீரொட்சைட்டை அளக்கத் தொடங்கினார். அப்போது வளியின் பத்து இலட்சம் பங்கில் 315 பங்களவாக இருந்த அவ்வாயு, 2024இல் 420 பங்கைக் கடந்திருந்தது. பணம் மறுக்கப்பட்டமையால் 1964இற் சில மாதங்கள் அளவீடு தடைப்பட்டது. அவ்வாண்டுப் பதிவிலுள்ள அச்சிறு இடைவெளி இன்றளவும் நிரப்பப்படவில்லை. அது நிரப்பப்படவும் இயலாது.

2. மழை பற்றிய வினா

இனி, எமது பிராந்தியத்துக்கு வருவோம். தாது வருடப் பஞ்சம் எனத் தமிழர் நினைவில் நிலைத்த கொடுமை 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டியது. அதில் மாண்டோர் தொகை பல இலட்சங்களைக் கடந்தது. உயிர் பிழைக்க வழிதேடி இலங்கையின் கோப்பித் தோட்டங்களுக்கு அக்காலத்தில் வந்தோர் மிகப் பலர். மலையகத் தமிழரின் வரலாற்றில் ஓர் அத்தியாயம் மழை பொய்த்தமையால் எழுதப்பட்டதெனின் அது மிகையாகாது. மழை பொய்த்தமை மட்டுமே அவ்வளவு சாவுக்குக் காரணமன்று. பஞ்சத்தின் நடுவிலும் தானியத்தை ஏற்றுமதி செய்ய விட்ட ஆட்சியும் அதற்குப் பொறுப்பாகும். எனினும் மழை ஏன் பொய்த்தது என்னும் வினா ஆட்சியாளர்க்கும் தவிர்க்கவியலாத வினாவாயிற்று.

இந்திய வானிலைத் திணைக்களம் பஞ்சத்துக்குச் சற்று முன்னர், 1875இல், நிறுவப்பட்டிருந்தது. அதன் முதல் தலைவராகிய ஹென்றி பிளான்போர்ட், இமயமலையிற் பனி மிகுந்த ஆண்டுகளில் தென்மேல் பருவக்காற்று நலிகின்றது என 1884இல் கருத்துரைத்து, அதனைக் கொண்டு முன்னறிவிப்புச் செய்யவும் முனைந்தார். அம்முறை சில ஆண்டுகளிற் பயன் தந்தது. பல ஆண்டுகளிற் பொய்த்தது. 1904இல் அப்பதவிக்கு வந்த கில்பேட் வோக்கர் கணித வல்லுநர். உலகின் பல பாகங்களிலிருந்து வளியமுக்கம், மழை, வெப்பநிலை ஆகியவற்றின் பதிவுகளைத் திரட்டி, அவற்றிடையே தொடர்பு உண்டோவெனக் கணித்தார். பசுபிக் சமுத்திரத்தின் கிழக்கே அமுக்கம் உயரும்போது இந்து சமுத்திரப் பகுதியிற் குறைவதும், அங்கே குறையும்போது இங்கே உயர்வதுமாகிய ஒரு துலா அசைவை அவர் கண்டறிந்தார். அதற்குத் தென் அலைவு எனப் பெயரிட்டவரும் அவரே.

அத்துலா ஏன் அசைகின்றது என்பதை வோக்கர் அறிந்திலர். யாக்கோப் பியர்க்னெசு என்பார் 1969இல் அதனை விளக்கினார். பேரு நாட்டுக் கரையோரக் கடல் சில ஆண்டுகளில் வழமைக்கு மாறாக வெப்பமடைவதை அந்நாட்டு மீனவர் எல் நினோ என்பர். கடலின் அவ்வெப்பமும் வளியின் தென் அலைவும் ஒரே நிகழ்ச்சியின் இரு கூறுகள் என்பது பியர்க்னெசு காட்டிய உண்மையாகும். தாது வருடப் பஞ்சத்தின்போது பசுபிக் சமுத்திரத்தில் வலிய எல் நினோ நிலவியமையும் பிற்கால ஆய்வுகளால் தெரியவந்தது. சென்னை மாகாணத்து ஏழையின் வயல் வறண்டமைக்கும் பல்லாயிரம் கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள கடலுக்கும் தொடர்பு உண்டு என்பதை அறிய ஏறத்தாழ நூறாண்டு சென்றது.

3. இலங்கையின் பதிவுகள்

இலங்கையில் முறையான மழைப்பதிவு 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் நில அளவைத் திணைக்களத்தின் பொறுப்பிலே தொடங்கியது. கொழும்பு அவதான நிலையம் 1907இல் நிறுவப்பட்டது. மருதானைக்குத் தெற்கே, இன்று பௌத்தாலோக மாவத்தை எனப்படும் அன்றைய புல்லர்ஸ் வீதியில் அது அமைந்தது. 1948இல் வானிலைப் பணி தனித் திணைக்களமாயிற்று.

இப்பதிவுகளை ஆராய்ந்தோருள் தமிழறிஞர் பங்கு சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது. இலங்கைப் பல்கலைக்கழகப் புவியியலாளர் ஜோர்ஜ் தம்பையாபிள்ளை, இலங்கை மழையின் ஒழுங்கு பற்றிய தமது விரிவான ஆய்வை 1954இல் பல்கலைக்கழகச் சஞ்சிகையில் வெளியிட்டார். சோழகமும் வாடையுமாகிய இரு பருவக்காற்றுக்களே மழையைத் தருகின்றன என்னும் எளிய விளக்கம் போதாது. அவற்றின் இடைக்காலங்களிற் பெய்யும் மேற்காவுகை மழையும், வங்காள விரிகுடாவில் உருவாகும் தாழமுக்கங்களின் மழையும் உரிய இடம் பெறல் வேண்டும். மருதானையில் ஐப்பசிப் பிற்பகலிற் பெய்யும் இடிமழை இவ்விடைக்கால மழையேயாகும்.

ஆர். சுப்பையா, தென் அலைவுக்கும் இலங்கை மழைக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்து 1989இல் வெளியிட்ட கட்டுரை இன்னொரு படி. எல் நினோ ஆண்டுகளில் இலங்கையின் தென்மேல் பருவமழை குறைய, ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் மழையோ கூடுகின்றது. எனவே இந்தியாவின் ஆனி, ஆடி மாத மழையைக் கெடுக்கும் அதே நிகழ்ச்சி, எமது பெரும்போக வேளாண்மைக்கு நீர் தருவதாகவும் அமையலாம். வலிய எல் நினோ நிலவிய 2015இன் இறுதியில் சென்னை நகரம் வெள்ளத்தில் மூழ்கியமையும் ஈண்டு நினைவுகூரத்தக்கது. பின்னர் 1999இல், இந்து சமுத்திரத்தின் மேற்கும் கிழக்கும் மாறிமாறி வெப்பமடையும் இருமுனைவு என்னும் நிகழ்ச்சியை இந்திய, யப்பானிய ஆய்வாளர் இனங்கண்டனர். அது இலங்கையின் பெரும்போக மழையைக் கூட்டியும் குறைத்தும் வருவதை லரீப் சுபைரும் அவர்தம் உடனாய்வாளரும் 2003இல் எடுத்துக்காட்டினர். 2016இல் மேற்குக் கடல் குளிர்ந்து கிழக்குக் கடல் வெப்பமடைந்த நிலை வலுவாகத் தோன்றியது. அவ்வாண்டு இறுதியில் மாரி பொய்த்துக் குளங்கள் வறண்டன.

4. இரு வினாக்களும் சந்தித்தல்

வெப்பத்தை ஆராய்ந்தோரும் மழையை ஆராய்ந்தோரும் நெடுங்காலம் ஒருவரையொருவர் அதிகம் நாடவில்லை. அவர்களை இணைத்தது கணினியாகும். 1967இல் சியுக்குரோ மனாபேயும் ரிச்சட் வெதரால்டும் வளிமண்டலத்தின் கணினி மாதிரியொன்றை அமைத்து, காபனீரொட்சைட்டு இருமடங்கானால் ஏறத்தாழ 2.3 பாகை வெப்பம் உயரும் எனக் கணித்தனர். அவர்களின் முடிபுகளுள் மற்றொன்று மிக முக்கியமானது. காபனீரொட்சைட்டு காரணமாயின், நிலத்தையடுத்த மாறன்மண்டலம் வெப்பமடைய அதற்கு மேலுள்ள படைமண்டலம் குளிர்தல் வேண்டும். சூரியனின் வலிமை கூடியமையே காரணமாயின் இரண்டும் வெப்பமடைதல் வேண்டும். பிற்கால அளவீடுகள் படைமண்டலம் குளிர்ந்து வருவதையே காட்டின. குற்றவாளியைக் கைரேகையால் இனங்காண்பது போன்றது இச்சான்று.

இவ்வாய்வுக்கு வளமூட்டியவர்களுள் வீரபத்திரன் இராமநாதன் ஒருவர். சென்னையிற் பிறந்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற் பொறியியல் பயின்ற இவர், முதலிற் பணியாற்றியது செக்கந்தராபாத்தில் குளிர்சாதனப் பெட்டி செய்யும் தொழிற்சாலையொன்றிலே. பெட்டியிலிருந்து குளிரூட்டும் வாயு ஏன் கசிகின்றது என ஆராய்தல் அவர்க்கிட்ட வேலை. பின்னர் அமெரிக்கா சென்ற அவர், அவ்வகை வாயுக்களாகிய குளோரோபுளோரோகாபன்கள் வெப்பத்தைத் தடுப்பதில் காபனீரொட்சைட்டிலும் மூலக்கூறொன்றுக்குப் பத்தாயிரம் மடங்குக்கு மேல் வலியவை என 1975இல் நிறுவினார். வெப்பமேற்றும் வாயு ஒன்றன்று, பல என்பது இதனால் தெளிவாயிற்று.

1980இல் இராமநாதனும் ரொலண்ட் மடனும், இயற்கையான ஏற்ற இறக்கங்களைக் கடந்து காபனீரொட்சைட்டின் விளைவு 2000ஆம் ஆண்டளவில் தெளிவாகப் புலனாகும் என எழுதினர். 1988இல் அமைக்கப்பட்ட, காலநிலை மாற்றம் பற்றிய அரசாங்கங்களுக்கிடையிலான குழு, 2001இல் வெளியிட்ட அறிக்கையில் முந்திய ஐம்பதாண்டு வெப்ப உயர்வின் பெரும்பகுதி மனிதன் வெளிவிட்ட வாயுக்களால் ஏற்பட்டிருக்கக்கூடும் என முடிவு செய்தது. முன்கூட்டிச் சொல்லி, பின் நிகழ்ந்ததைக் கொண்டு சோதித்தலே விஞ்ஞானத்தின் உரைகல். இக்கூற்று அவ்வுரைகல்லில் தேறியது.

1999இல் மாலைதீவைத் தளமாகக் கொண்டு இராமநாதனும் பால் குருட்சனும் தலைமை தாங்கிய இந்து சமுத்திரப் பரிசோதனை, தென்னாசியாவின் மீது புகையும் நுண்துணிக்கைகளும் கலந்த கபில நிறப் படலமொன்று பரந்திருத்தலை அளந்தறிந்தது. விறகடுப்பு, வாகனம், நிலக்கரி ஆகியவற்றின் புகை கடலில் விழும் வெயிலைக் குறைத்து, ஆவியாதலையும் மழையையும் பாதிக்க வல்லது. இங்கேயே இரு வினாக்களும் நேராகச் சந்தித்தன. வாயுக்கள் கடலை வெப்பமாக்கி மழையைக் கூட்ட முனைய, புகைப்படலம் அதனைக் குறைக்க முனைகின்றது. எமது மழையின் எதிர்காலத்தைக் கணித்தல் கடினமாயிருப்பதற்கு இவ்விழுபறியும் ஒரு காரணமாகும்.

5. உறுதியும் ஐயமும்

இதுவரை கூறியவற்றிலிருந்து உறுதியானவற்றை முதலில் வகுத்துரைக்கலாம். வளியிற் காபனீரொட்சைட்டு கூடியுள்ளது. அந்தாட்டிக்காவின் பனிப்படிவுகளிற் சிறைப்பட்ட வளிக்குமிழிகளை ஆராய்ந்தபோது, கடந்த எட்டு இலட்சம் ஆண்டுகளில் அது பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 300 பங்கைக் கடந்ததில்லை எனத் தெரியவந்தது. புவியின் சராசரி வெப்பநிலை 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலும் பார்க்க 2011 முதல் 2020 வரையான தசாப்தத்தில் ஏறத்தாழ 1.1 பாகை உயர்ந்திருந்தது. மனிதனே இதற்குக் காரணம் என்பதில் ஐயமில்லை என 2021ஆம் ஆண்டு அறிக்கை உரைத்தது. வெப்பம் ஒரு பாகை உயர வளி ஏறத்தாழ 7 சதவீதம் மிகுதியான நீராவியைத் தாங்க வல்லது. ஆதலால், பெய்யும்போது கடுமையாகப் பெய்யும் இயல்பு கூடுகின்றது. இவையனைத்தும் அளவீட்டாலும் பௌதிகவியலாலும் ஒருங்கே நிறுவப்பட்டவை.

இலங்கையிலும் வெப்ப உயர்வு தெளிவானது. 1961 முதல் 1990 வரை ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 0.016 பாகை வீதம் சராசரி வெப்பநிலை உயர்ந்தமை பதிவாகியுள்ளது. மழையின் நிலை அவ்வாறன்று. அதே முப்பதாண்டின் சராசரி மழைவீழ்ச்சி, 1931 முதல் 1960 வரையான காலத்தினும் ஏறத்தாழ 7 சதவீதம் குறைந்திருந்தது. அதனைக் கண்டோர் நாடு வறண்டு வருகின்றதென அஞ்சினர். பின்வந்த தசாப்தங்களோ அவ்வீழ்ச்சியைத் தொடர்ந்து காட்டவில்லை. 2016இன் இறுதியிற் தொடங்கிய கடும் வரட்சி நீங்குமுன்னரே, 2017 வைகாசியில் தென்மேற்கு மாவட்டங்களில் வெள்ளமும் மண்சரிவும் இருநூற்றுக்கு மேற்பட்ட உயிர்களைக் கவர்ந்தன. சராசரியிலும் பார்க்க ஏற்ற இறக்கமே இங்கு மக்களை வருத்துகின்றது. அது எவ்வாறு மாறும் என்பதே வன்னியிலும் மட்டக்களப்பிலும் பெரும்போகம் விதைக்கும் கமக்காரனுக்கு வேண்டிய அறிவாகும். அவ்வறிவே இன்னும் குறைவாயுள்ளது.

இக்குறைக்கு இயற்கையின் சிக்கல் ஒரு காரணம். பிறிதொரு காரணம் எமது கைகளிலேயே உண்டானது. 1983 முதல் 2009 வரையான போர்க்காலத்தில் வடக்கிலும் கிழக்கிலும் பல நிலையங்களின் பதிவுகள் அறுந்தன. இந்நாட்டு மழையை ஆராய்வோர் அந்நிலையங்களை ஒதுக்கிவிட்டு, அல்லது அயல் நிலையங்களைக் கொண்டு இடைவெளிகளை ஊகித்தே முடிவுகட்ட வேண்டியுள்ளது. உலகம் முன்னெப்போதினும் விரைவாக வெப்பமடைந்த கால் நூற்றாண்டு அது. அக்காலத்தில் வரண்ட வலயத்தின் பெரும்பகுதியில் எவ்வளவு மழை, எத்தனை நாளிற் பெய்தது என்பதற்கு முழுமையான சான்று இல்லை. இழந்த நூலைப் பிறிதொரு படியிலிருந்து பதிப்பிக்கலாம். பெய்து முடிந்த மழையை மீண்டும் அளக்க இயலாது.

ஆகவே இருவகைத் தவறுகளை நாம் தவிர்த்தல் வேண்டும். ஒவ்வொரு வெள்ளத்துக்கும் காலநிலை மாற்றமே காரணம் எனக் கூறி, அடைபட்ட வடிகாலையும் நிரப்பப்பட்ட சதுப்பு நிலத்தையும் மறத்தல் ஒன்று. மழை பற்றிய கணிப்பில் ஐயம் உண்டெனக் காட்டி, ஐயமற நிறுவப்பட்ட வெப்ப உயர்வையும் மறுத்தல் மற்றொன்று. பூரியர் காலம் முதல் இற்றைவரை இருநூறு ஆண்டுகளாக இவ்வறிவை வளர்த்தோர், அறிந்ததையும் அறியாததையும் பிரித்துரைத்தே அதனை வளர்த்தனர்.

இலங்கையின் மழைமானி நிலையங்களில் ஒவ்வொரு நாளும் காலை 8.30 மணிக்கு, முந்திய இருபத்துநான்கு மணி நேரத்து மழை அளந்து எழுதப்படுகின்றது. மழை பெய்யாத நாளிலும் சுழியம் என எழுதுதல் விதி. இவ்வெளிய பணி தடையின்றி நடைபெறுதலும், பழைய பதிவேடுகள் கறையானுக்கு இரையாகாது காக்கப்படுதலும், அவற்றைக் கற்று ஆராயத் தமிழ் மாணவர் முன்வருதலும் இன்றியமையாதன. மருதானைக் கடைத் திண்ணையிற் கேட்கும் கூற்று இந்நாட்டு மழையைப் பொறுத்தவரை எவ்வளவு உண்மை என்பதை, இன்னும் முப்பது ஆண்டுகளில் வருவோர் அப்பதிவுகளைக் கொண்டே தீர்மானிப்பர்.